கால் படி நிலக்கடலை

தனக்கு ஆகாது என்று என் மனைவி சொன்ன ஒரு பொருளை, அவளுக்குத் தெரியாமல் அவள் மாவில் கலந்து அரைத்து வந்தேன். அவள் அதைச் சாப்பிட்டாள். அதனால் வந்த கேட்டுக்கு மற்றவர்கள் வேறு காரணம் சொன்னார்கள். அது தவறு என்று எனக்குத் தெரியும். முப்பத்தைந்து நாள் வாயைத் திறக்கவில்லை. செய்தியின் சாரம் முதல் பத்தியில் இருக்க வேண்டும் என்பது எனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம். அதன்படி வைத்துவிட்டேன்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய வருஷங்கள் அவை. சேலத்தில் ஒரு சிறிய வாரப் பத்திரிகையில் துணையாசிரியர் வேலை. கோர்ட்டுச் செய்தி, சந்தை நிலவரம், மழைக் கணக்கு, பிழை திருத்தம் எல்லாம் என் பொறுப்பு. இவற்றோடு ஆரோக்கியப் பகுதி என்று ஒன்றரைப் பத்தியும் இருந்தது. ஆங்கிலச் சஞ்சிகைகளில் வந்ததைத் தமிழாக்கிப் போடுவேன். பெயர் போடுவதில்லை. பெயர் இல்லாமல் எழுதும்போது குரல் தானாகவே கொஞ்சம் தடித்துவிடும்.

நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருந்தார்: எங்கள் குடும்பத்தில் கறி தின்பதில்லை, உடம்பில் வலு ஏற என்ன சாப்பிடலாம்? இதை மூன்று வாரம் எழுதலாம் என்றார் ஆசிரியர். புரோட்டீன் என்ற சொல்லைப் போட்டால் யாருக்குப் புரியும் என்று ஒரு மத்தியானம் முழுவதும் பேசி, கடைசியில் 'சதை வளர்க்கும் சத்து' என்று முடிவு செய்தோம். முதல் வாரம் பால், தயிர். இரண்டாம் வாரம் நிலக்கடலை. சேலம் ஜில்லாவின் மேட்டு நிலம் எல்லாம் அப்போது நிலக்கடலைக்கு மாறிக்கொண்டிருந்தது. ஏழைக்கும் கிடைக்கும், சத்தும் உண்டு என்று எழுதினேன். அது சரிதான். ஆனால் முடிவில் ஒரு வாக்கியம் சேர்த்தேன். 'சிலர் பால் ஆகாது, கடலை ஆகாது என்பர். இது பெரும்பாலும் மனத்தின் தயக்கமே அன்றி உடலின் குறை அன்று.' இந்த வாக்கியம் எந்த ஆங்கிலச் சஞ்சிகையிலும் இல்லை. என் சொந்தச் சரக்கு.

நாங்கள் குடியிருந்தது கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்துக்கு அருகே, ஒரு வீட்டின் பின்கட்டில். முன்கட்டில் வீட்டுக்கார அம்மாள் ஒரு பசுமாட்டோடு இருந்தார். நான் சைக்கிளில் ஆபீஸ் போய் வருவேன். எங்களுக்கு ஆறு மாதத்தில் ஒரு பெண் குழந்தை. பத்திரிகை வந்த அன்று குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து விரல் வைத்து வாசிப்பது என் மனைவியின் வழக்கம். அன்றும் வாசித்தாள்.

"ஏனுங்க, இதுல என்னயப் பத்தி யாரோ எழுதியிருக்கறாங்க."

"உன்னயப் பத்தி எவன் எழுதறான்?"

"'சிலர்'னு போட்டிருக்குதுங்க. பாலும் ஆகாது, கடலையும் ஆகாதுங்கறவ இந்தப் பக்கத்துல வேற யாரு இருக்கறா?"

"பொதுவா எழுதறதுதான்."

"பொதுவாத்தானுங்க. ஆனா எழுதுனவரு என்ற அடுப்படியில ஒக்காந்துட்டு எழுதுனாப்பல இருக்குது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

அவள் எருமப்பட்டிப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். தம்பி சிறு வயதில் சாகக் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் இந்த வீட்டில் கவுச்சி ஏறாது என்று அவள் அப்பா குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தான். அன்றிலிருந்து அந்த வீட்டில் கறியும் இல்லை, முட்டையும் இல்லை. கட்டிக்கொடுத்த பிறகும் அவள் அதை விடவில்லை. பால் குடித்தால் அவளுக்கு வயிறு முறுக்கும், இரண்டு நாள் வயிற்றால் போகும். நன்றாகப் புளித்த மோர் அரை டம்ளர் தாங்கும். ஏழு வயதில் காட்டில் கடலைக்காய் பிடுங்கும்போது நாலு பருப்பை மென்றாளாம்; உதடும் கண்ணும் வீங்கி, மூச்சு வாங்கி, அப்பா தோளில் போட்டுக்கொண்டு ஓடினாராம். அதற்குப் பிறகு அவள் கடலையைத் தொடவில்லை.

இவ்வளவையும் ஒதுக்கிவிட்டு அவள் நன்றாகவே இருந்தாள். காலையில் மாவுக் கூழ், தொட்டுக்கொள்ளக் கொள்ளுத் துவையல். மத்தியானம் கம்பஞ்சோறோ அரிசிச் சோறோ, அதோடு பச்சைப்பயறு கடைந்தது. பொழுது சாய்ந்தால் வேகவைத்த தட்டைப்பயறோ மொச்சையோ ஒரு கிண்ணம். கூழுக்கு வேண்டிய மாவை அவளே சேர்ப்பாள்: ராகி இரண்டு படி, கம்பு ஒரு படி, பச்சைப்பயறு அரைப் படி, கொள்ளு அரைப் படி. தனித்தனியாக வறுத்து, ஆறவைத்து, தகர டப்பாவில் போட்டுத் தருவாள். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை நான் மில்லுக்குக் கொண்டுபோவேன்.

"பயறு இல்லாத நாள்ல கால் ஓஞ்சு போகுதுங்க. தானியமும் பயறும் ஒட்டுக்கா உள்ள போகோணும். ஒண்ணு மட்டும் போனா அது வயித்துக்கு, ஒடம்புக்கு இல்லீங்க" என்று ஒரு நாள் சொன்னாள்.

இதை நான் குறித்துக்கொள்ளவில்லை. ஆங்கிலத்தில் இருந்திருந்தால் குறித்துக்கொண்டிருப்பேன்.

அவள் சிரித்தது எனக்குள் கிடந்து அரித்தது. இரண்டு மூன்று நாள் அதையே யோசித்தேன். கடலை ஆகாது என்பதற்கு என்ன ஆதாரம்? ஏழு வயதில் ஒரு தடவை நடந்தது. கண்ட சாட்சி அவள் அப்பா ஒருவர். அன்றைக்கு வேறு ஏதாவது தின்றிருக்கலாம், பூச்சி கடித்திருக்கலாம். பதினைந்து வருஷமாக யாரும் சரிபார்க்காத செய்தி. சரிபார்ப்பது என் தொழில் என்று நினைத்துக்கொண்டேன். அவளிடம் கேட்டுவிட்டுச் செய்தால் பயத்திலேயே உடம்பு தடித்துவிடும், ஆகவே தெரியாமல் செய்வதுதான் நியாயமான பரீட்சை என்றும் எனக்கு நானே விளக்கிக்கொண்டேன்.

மூன்றாம் வாரக் கட்டுரைக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மில்லுக்குச் சைக்கிள் மிதித்துப் போகும்போதே வாக்கியம் தயாராகிவிட்டது: 'நமக்குத் தெரிந்த ஒரு பெண்மணி, பதினைந்து ஆண்டுகளாகக் கடலையை அஞ்சி ஒதுக்கியவர், அறியாது உண்டு நலமாக இருக்கிறார்.'

மில்லுக்கு எதிரே ஒரு கிழவி வறுத்த கடலை விற்றுக்கொண்டிருந்தாள். கால் படி வாங்கித் தோல் தேய்த்து ஊதினேன். மில்லுக்காரர் எண்ணெய் எஞ்சினுக்குப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

"அதென்னுங்க, கடலையா? போடாதீங்க. கல்லுல அப்பிக்கும்."

"கொஞ்சந்தானுங்க."

"கொஞ்சமோ நெறையவோ, பிசுக்கு பிசுக்குதானுங்க. பொறகால மொளகா அரைக்க வாரவங்க என்னயல்ல பேசுவாங்க. ஊட்ல போடச் சொன்னாங்களா?"

"ஆமாங்க. ஊட்லதான் சொன்னாங்க."

"அப்ப அரைச்சுத்தான ஆகோணும். அரைக்காமக் கொண்டுக்கிட்டுப் போனீங்கன்னா உங்களுக்கு இன்னைக்குச் சோறு இல்லை" என்று சிரித்தார். "ராகியோட நல்லாப் பெரட்டிக் குடுங்க. தனியாக் கொட்டுனீங்கன்னா எஞ்சினே நின்னு போயிரும்."

அவள் வறுத்துத் தந்த தானியத்தில் கடலையை என் கையாலேயே பிரட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் அவள் மாவைக் கரைக்கும்போது நான் அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தேன். விரலைத் தேய்த்துப் பார்த்தாள்.

"மாவு கையில ஒட்டுதுங்களே. வாசமும் ஒரு மாதிரியா இருக்குது."

"எனக்கு முன்னால யாரோ எள்ளு அரைச்சாங்க. அந்த வாசமா இருக்கும்."

"எள்ளு வாசம் இப்பிடி இருக்காதுங்களே."

"மில்லு வாசம்தான் புள்ள. குடி."

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னதால் கூழைக் காய்ச்சி, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு குடித்தாள். வேறு காரணம் எதுவும் இல்லை.

நான் சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மூன்றாவது நிமிஷம் கழுத்தைச் சொறிந்தாள். ஐந்தாவது நிமிஷம் இரண்டு முறை செருமினாள். எட்டாவது நிமிஷத்தில் முன்கையில் காசு காசாகத் தடிப்பு எழும்பியது. உதடு தடித்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கண் இமைகள் மூடிக்கொண்டே வந்தன. அவள் அலறவில்லை. மடியிலிருந்த குழந்தையைத் தூக்கி என் பக்கம் நீட்டினாள்.

"கொழந்தையப் புடிங்க. எனக்கு என்னமோ ஆகுதுங்க."

குழந்தையை வாங்கும் அவசரத்தில் கடிகாரம் தரையில் விழுந்தது. அதற்கு மேல் நேரம் எனக்குத் தெரியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சை இழுத்தாள். சீட்டியடிப்பது போன்ற சத்தம் வந்தது. அதைக் கேட்டு வீட்டுக்கார அம்மாள் ஓடிவந்தார்.

"என்ன அம்மிணி, மூஞ்சி பூசணிக்காயாட்டம் ஆகிப்போச்சு. இது காணாக்கடி சாமி. ராத்திரி எதோ கடிச்சுட்டுப் போயிருக்குது."

கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து உடம்பு தடிப்பதைத்தான் எங்கள் பக்கம் காணாக்கடி என்பார்கள். மந்திரிப்பார்கள், பிறகு ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், பத்தியம்.

ஆரோக்கியப் பகுதியில் சந்தேகம் வந்தால் நான் போய்க் கேட்கும் டாக்டர் ஒருவர் டவுனில் இருந்தார். சைக்கிள் வாசலில் நின்றது. மிதித்தால் கால் மணி நேரத்தில் அவர் வீட்டில் இருக்கலாம். நான் போகவில்லை. என்ன சாப்பிட்டாள் என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கார அம்மாள் மந்திரிக்கிறவரைக் கூப்பிட ஆளனுப்பினார். நான் தடுக்கவில்லை. ஊருக்கெல்லாம் மூடநம்பிக்கையை விடச் சொல்லி எழுதியவன், என் வீட்டில் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மூச்சு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போது நான் யோசித்தேனா என்று இன்றைக்குக் கேட்டுப் பார்க்கிறேன். யோசித்தேன். யோசித்தும் போகவில்லை.

மந்திரிக்கிறவர் வருவதற்குள் அவள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். குடித்த கூழ் பெரும்பாலும் வெளியே வந்துவிட்டது. மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. வந்தவர் வயதானவர், பொறுமையானவர். வேப்பிலையால் மூன்று தரம் தடவி மந்திரித்து, வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"புதுசா எதாச்சும் தின்னியா சாமி?"

"இல்லீங்க. எப்பவும் குடிக்கற கூழுதானுங்க" என்றாள். வீங்கிய கண்ணை என் பக்கம் திருப்பி, "அப்பிடித்தானுங்களே?" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன்.

"அப்பக் கடிதான். ஒரு மண்டலத்துக்குப் பயறு பருப்பு ஒண்ணும் சேக்காத. கொள்ளு கண்ணுலயே படக்கூடாது, அது சூடு. மொளகு ரசம், பழைய அரிசிச் சோறு, சுண்டைக்காய் வத்தல். அது போதும்."

அவள் சரி என்றாள். பாலைக் குடிக்க முடியாதவள், கடலையைத் தொட முடியாதவள், வேண்டுதலால் கவுச்சி விட்டவள். அவளுக்கு மிச்சம் இருந்தது பயறு ஒன்றுதான். என் தலையாட்டலில் அதுவும் போயிற்று.

மிச்ச மாவைக் கொட்டிவிடலாம் என்றேன். அவளுக்கு மனசு வரவில்லை. "மாடாச்சும் திங்கட்டுமுங்க" என்று வீட்டுக்கார அம்மாளிடம் கொடுத்துவிட்டாள். நாலு நாள் கழித்து அந்த அம்மாள், "தம்பி, அந்த மாவு இன்னம் ஒரு படி அரைச்சுக்கிட்டு வாங்க. என்ற மாடு உங்க வாசலப் பார்த்துப் பார்த்துக் கத்துது" என்றார். என் மனைவி சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

பத்தியத்தை அவள் பிசகாமல் கடைப்பிடித்தாள். பத்தாம் நாள் வாக்கில், கிணற்றடியிலிருந்து குடத்தை எடுத்து வரும்போது நடுவில் ஒரு தடவை இறக்கி வைத்தாள். பதினைந்தாம் நாள் இரண்டு தடவை. தலை வாரும்போது சீப்பில் வரும் முடியைச் சுருட்டிச் சுவர் இடுக்கில் செருகுவாள். அந்தச் சுருள் பெரிதாகிக்கொண்டே வந்தது. இருபதாம் நாளுக்கு மேல் சாயங்காலத்தில் அவள் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து, மெதுவாகத்தான் மேடேறியது. அவளே அழுத்திக் காட்டினாள். "பாருங்க, அரிசி மாவுப் பொம்மையாட்டம் இருக்குது." குழந்தைக்குப் பால் குறைந்தது. குடித்து முடித்த பிறகும் குழந்தை விடாமல் அழுதது. ராகியை முளைகட்டிப் பால் எடுத்து ஊட்டினாள். இவை எல்லாவற்றையும் நான் கவனித்தேன். கவனிப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். பத்தியம் முடிந்தால் பழையபடி பயறு சாப்பிடுவாள், எல்லாம் சரியாகிவிடும், ஏன் சொல்லிக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று தினமும் தள்ளிப் போட்டேன். ஆபீசில் மூன்றாம் வாரக் கட்டுரை என்னாயிற்று என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டிருந்தார். தகவல் சேகரிக்கிறேன் என்றேன்.

முப்பத்தைந்தாம் நாள் காலை பஸ்ஸில் என் மாமனார் வந்து இறங்கினார். தோளில் ஒரு பை. புதுக் கொள்ளு, காய்ந்த மொச்சை, தட்டைப்பயறு. சோளக்காட்டு ஓரத்தில் மகளுக்கென்றே ஓர் உழவுச் சால் நீளத்துக்கு மொச்சை போடுவார், அவள் கல்யாணமாகிப் போன பிறகும் நிறுத்தவில்லை. மகளைப் பார்த்தவர் பையை இறக்காமல் நின்றார்.

"என்னாச்சு சாமி, இப்பிடி ஒடுங்கிட்ட?"

அவள் காணாக்கடியைச் சொன்னாள். பத்தியத்தைச் சொன்னாள். "முடிய இன்னம் பதிமூணு நாள் இருக்குதுங்கப்பா. ஆனா முடிஞ்சாலும் நான் இனிமேப் பயறு தொட மாட்டேன். கொள்ளுதான் காரணம்னு எனக்குத் தோணுது. சின்ன வயசுல கடலைக்கு வந்தாப்பலயேதான் வந்துச்சு. இதையெல்லாம் நீங்களே கொண்டுக்கிட்டுப் போயிருங்க."

அவர் பையைச் சுவரோரம் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாப்பிள்ளைங்க, நீங்க நாலு படிச்சவங்க. பால் இவளுக்கு ஆகாது. கடலை ஆகாது. கவுச்சி நாங்க உட்டாச்சு. இதுவும் ஆகாதுன்னா வேற என்னத்தத்தானுங்க திங்கறது?"

அவர் குனிந்து மகளின் கால் வீக்கத்தைப் பார்த்தார்.

"கோயிலுக்குப் போயிப் பூக் கேக்கறேன்" என்றார். "சாமி உத்தரவு குடுத்துச்சுன்னா இவ முட்டையாச்சும் திங்கட்டும்."

சிவப்பும் வெள்ளையுமாகப் பூவைப் பொட்டலம் கட்டிச் சன்னதியில் போட்டு, ஒன்றை எடுத்துச் சாமியின் சம்மதத்தைக் கேட்பதுதான் பூக் கேட்பது. மகன் உயிருக்காக ஏற்ற வேண்டுதலை அவர் மாற்றக் கேட்கப் போகிறார்.

"வேண்டாமுங்கப்பா. தம்பிக்கு எதாச்சும் ஆயிப்போச்சுன்னா?" என்றாள் அவள்.

"அவனுக்குன்னு உட்டது. இப்ப நீ கெடக்கறயே. அவனுக்கு எதாச்சும் ஆனா அதையும் நான்தான் சொமக்கோணும். ரெண்டும் நான் பெத்ததுதான?"

அழுத்தாமல், நிலத்தில் எந்த வயலுக்கு முதலில் தண்ணீர் விடுவது என்று முடிவு செய்கிறவர் மாதிரி சொன்னார். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குக் குளிக்கப் போனார்.

அவர் வாளியை இறக்கும் சத்தம் கேட்டது. நான் அடுப்படிக்குப் போனேன். அவள் ரசத்துக்கு மிளகு தட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். காணாக்கடி இல்லை. கொள்ளு இல்லை. மாவில் நான் கடலை போட்டேன்.

அவள் கை நின்றது.

"எவ்வளவு போட்டீங்க?"

"கால் படி."

"தெரியாமப் போட்டுட்டீங்களா?"

"இல்லை. தெரிஞ்சுதான். உனக்கு நெசமாவே ஆகாதான்னு பார்க்கறதுக்கு."

தட்டிய மிளகைக் கிண்ணத்தில் வழித்துப் போட்டாள்.

"மில்லுக்காரரு ஒண்ணும் கேக்கலீங்களா?"

"கேட்டாரு. நீதான் போடச் சொன்னதாச் சொன்னேன்."

"அன்னைக்கு என்னய மந்திரிச்சப்ப, உங்களப் பார்த்துக் கேட்டனே."

"ஆமா."

நான் இன்னும் சில வார்த்தை சொன்னேன். தப்பு, புத்தி கெட்டுப்போச்சு என்பது போல. அவை அவளைப் போய்ச் சேர்ந்தனவா என்று தெரியவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கால் வீக்கத்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. நான் கை நீட்டினேன். அவள் சுவரையே பிடித்துக்கொண்டாள்.

"அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க வாயத் தொறக்காதீங்க" என்றாள்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்ததும் சொன்னாள். "பூக் கேக்க வேண்டாமுங்கப்பா. கொள்ளு இல்லியாம். எங்களுக்கு முன்னால அரைச்சவங்க கடலை போட்டிருக்கறாங்க. கல்லுல ஒட்டிக்கிட்டிருந்தது நம்ம மாவுல கலந்துபோச்சாம்."

"யாரு சொன்னது?"

"இவருதானுங்கப்பா விசாரிச்சுட்டு வந்தாரு."

அவர் முகம் தெளிந்தது. "அந்த மில்லுக்காரனுக்குக் கண்ணு எங்க போச்சு? நான் போய் ரெண்டு வார்த்தை கேக்கறேன்" என்று கிளம்பினார்.

"உடுங்கப்பா. அவரு மேல தப்பில்ல" என்றாள் அவள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நல்லவேளைங்க மாப்பிள்ளை, நீங்க இருந்து துருவிக் கண்டுபுடிச்சீங்க. பேப்பர்காரருன்னா சும்மாவா? இல்லாட்டி நான் போயிச் சாமிகிட்ட வேண்டாத கேள்வியக் கேட்டுட்டு நின்னிருப்பேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கிணற்றுத் தண்ணீரில் குளித்த கை, சில்லென்று இருந்தது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. இந்த முப்பத்தைந்து நாளில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

அன்று மத்தியானமே பையை அவிழ்த்துக் கொள்ளை ஊறப் போட்டாள். வீட்டுக்கார அம்மாள் பார்த்துவிட்டு, "மண்டலம் முடியாமப் பத்தியத்த முறிச்சீன்னா திரும்பவும் வரும் அம்மிணி" என்றார்.

"வராதுங்க அக்கா" என்றாள்.

"அதெப்பிடி அவ்வளவு உறுதியாச் சொல்ற?"

"வந்ததுக்குக் காரணம் போயிருச்சுங்க."

நான் திண்டில் சாய்ந்தபடி பத்திரிகையைப் பிரித்து முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டேன்.

மூன்று வாரத்தில் கால் வீக்கம் வடிந்தது. குழந்தை குடித்து முடித்ததும் தூங்கத் தொடங்கியது. ஊருக்குத் திரும்பிய மாமனார், மகள் கேட்டாள் என்று ஒரு கல் திருகையை வண்டியில் ஏற்றி அனுப்பினார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு மாவு மில்லுக்குப் போனதில்லை. தானியத்தை அவளே புடைத்து, அவளே வறுத்து, அவளே சுற்றினாள். நான் ஒரு நாள் பிடியில் கை வைத்தேன். "நீங்க போயி வேலையப் பாருங்க" என்றாள், கோபம் இல்லாமல். அவள் காய்ச்சலில் கிடந்த ஒரு நாள் டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், பக்கத்தில் வைத்தாள். நான் வெளியே போன பிறகு எழுந்து பானையிலிருந்து தானே மொண்டு குடித்த சத்தம் கேட்டது. அவள் என்னோடு சண்டை போட்டதில்லை. யாரிடமும் சொன்னதில்லை. அடுத்தடுத்துக் குழந்தைகள் பிறந்தன. ஊரில் எங்களை நல்ல தம்பதி என்றுதான் சொல்வார்கள். ஆனால் நான் நீட்டிய எதையும் அவள் நேராக வாயில் வைத்ததாக எனக்கு நினைவில்லை.

திருகை வந்த அந்த நாட்களில், மூன்றாம் வாரக் கட்டுரையை ஆசிரியர் விடவில்லை. எழுதினேன். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள், கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள், கறி தின்னாதவர்கள் என்ன செய்யலாம் என்று எழுதினேன். ராகி இரண்டு பங்கு, கம்பு ஒரு பங்கு, பயறு அரை, கொள்ளு அரை. தானியமும் பயறும் சேர்ந்தே உள்ளே போக வேண்டும். மொச்சையும் தட்டையும் மாற்றி மாற்றி. ஒரு வரிகூட ஆங்கிலத்திலிருந்து எடுத்ததில்லை. 'அனுபவம் உள்ளவர்கள் கூறுவது' என்று போட்டேன். அதற்கு முன்னும் பின்னும் என் ஆரோக்கியப் பகுதிக்கு அவ்வளவு கடிதம் வந்ததில்லை. வாழப்பாடியிலிருந்து ஒருவர் தன் மகள் எழுந்து நடமாடுகிறாள் என்று எழுதியிருந்தார். ஆசிரியர் அந்தக் கடிதத்தை எல்லாருக்கும் வாசித்துக் காட்டி என் முதுகில் தட்டினார்.

அந்த இதழ் வெளிவந்த அன்றே அதை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். அவள் வழக்கம்போல விரல் வைத்து வாசித்தாள். நேரம் எடுத்துக்கொண்டாள். கடைசி வரி வரை போய், மறுபடி ஒரு தடவை மேலிருந்து பார்த்தாள்.

"எல்லாம் சரியா எழுதியிருக்கறீங்க" என்றாள். "ஆகாதுன்னு ஒருத்தங்க சொன்னா நம்போணும்னு மட்டும் காணமே. போன தடவை வேற மாதிரி எழுதியிருந்தீங்களே."

"அதுக்கு எடம் இல்லை" என்றேன்.

அவள் பத்திரிகையை மடித்து என் பக்கத்தில் வைத்துவிட்டுத் திருகைக்குப் போனாள்.

இடம் இருந்தது. என் பகுதி குறைந்துபோனதால், அதன் கீழே மூன்று விரற்கடை உயரத்துக்கு ஒரு கொடியும் பூவும் போட்ட அச்சுக்கட்டையை வைத்து நிரப்பியிருந்தார்கள். அந்தக் கட்டையை அங்கே வைக்கச் சொன்னவன் நான்தான்.